ஐந்தாவது எலுமிச்சம்பழம்

மகனே,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். கடைசி வரி வரை படித்துவிட்டு, அந்தச் சொல்லைப் போட எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று நீயே முடிவு செய்துகொள். இந்தக் கடிதத்தை நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கும் கொடுத்திருக்கிறேன். அது அச்சாகி வர இன்னும் பத்து நாள் ஆகும். நீ முதலில் படிக்க வேண்டும் என்பதால் இன்று புதன்கிழமையே உன் மேஜையில் வைக்கிறேன். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது இது தேவையா என்று உன் அம்மா கேட்டாள். இருபத்து நான்கு வருஷமாக நானும் இதே போல ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் தள்ளிப்போட்டேன். பரீட்சை இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, துர்கா பூஜை வருகிறது என்று காரணத்துக்கா பஞ்சம்? ஊர் முன்னால் சொன்ன பொய்யை வீட்டுக்குள் உட்கார்ந்து திருத்த முடியாது என்பதால் மலரிலும் வரட்டும்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். என்னைத் திட்டப் பின்னால் நிறைய இடம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உன் கம்பெனி காரில் பவானிபூரிலிருந்து கரியாஹாட்டுக்குப் புடவை எடுக்கப் போனோமே, நீ ஓட்டினாய், பக்கத்தில் பர்ணா, பின் சீட்டில் நான். மூன்று வாரத்தில் உனக்கு மனைவியாகப் போகிறவளை உட்காரவைத்துக்கொண்டு நீ ஓட்டிய லட்சணத்தை நான் பார்த்தேன். ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் போன். ஒரே தடத்தில் ஓடும் இரண்டு பஸ்கள் ஆள் பிடிக்கப் பந்தயம் விட்டுக்கொண்டிருந்தன, அவற்றுக்கு நடுவில் நீ மூக்கை நுழைத்தாய். அந்த பஸ்காரன்களுக்கு நீ அங்கே இருப்பதே தெரியாது. ராஷ்பிஹாரி அவென்யூவில் மழை ஈரத்தில் டிராம் தண்டவாளம் பளபளத்தது. உனக்கு முன்னால் ஒருவன் ஸ்கூட்டரில் பின்னால் மனைவியும் மடியில் குழந்தையுமாகப் போனான். அந்த ஈர இரும்பில் சக்கரம் பட்டால் அவன் விழுவான். விழுந்தால் உன் காருக்கு அடியில்தான் விழுவான். நீயோ அவன் முதுகில் ஹாரனால் குத்திக்கொண்டே போனாய். உனக்கு முப்பத்தொரு வயது. கண் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, மூளை மட்டும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இந்த ஊரில் ரோட்டைக் கடக்கிறவர்கள் கையை உயர்த்திக் காட்டிவிட்டு நடந்துவிடுவார்கள். அது உனக்குத் தெரியாதா? இங்கேயே பிறந்து, தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுகிறவன் நீ. கையில் காய்கறிப் பையோடு ஒரு மனிதர் உள்ளங்கையைக் காட்டினார். நிற்பாய் என்று நம்பித்தான் காட்டினார். நீ நிற்கவில்லை, அவரைச் சுற்றி வளைத்து ஓட்டினாய். அவர் பை கீழே விழுந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக அங்கேயே உன் பிடரியில் ஒன்று போட்டிருக்க வேண்டும்.

கரியாஹாட் வந்தது. நடைபாதைக் கடைகளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைக்க, நீ ரிவர்ஸ் எடுத்தாய். திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் இருக்கும் சின்னத் திரையைப் பார்த்தே பின்னால் போனாய். டிக்கியில் டப் டப்பென்று யாரோ தட்டினார்கள். பெட்டிக்கோட் விற்கிற அம்மாள், முழங்கால் அளவு மூட்டைக்குப் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தாள். இன்னும் அரை அடி போயிருந்தால் அவ்வளவுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அதற்கு நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா?

“கேமரா இருக்குப்பா. அதுலயும் தெரியாத எடத்துல வந்து நின்னா அது அவங்க தப்பு.”

இடிபடுகிறவர் மேல்தான் தப்பு என்று நீ சொன்னாய். அந்தப் பாடத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான்தான்.

பார்க் செய்த பிறகு பர்ணா உன்னிடம் கேட்டாள். நீங்கள் இருவரும் வங்காளத்தில் பேசிக்கொண்டது எனக்குக் கேட்காது என்று நினைத்தாயோ, அல்லது நான் கேட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தாயோ, தெரியவில்லை. வெள்ளிக்கிழமை உன் சொந்தக் கார் வருகிறது, பூஜைக்கு எலுமிச்சம்பழம் நான் வாங்கி வரட்டுமா என்றாள். எலுமிச்சை மட்டும் வேண்டாம் என்றாய். ஏன், சக்கரத்துக்கு அடியில் வைப்பது உங்கள் வழக்கம்தானே என்றாள். அப்போது நீ குரலைக்கூடத் தாழ்த்தாமல், விலாசம் சொல்வது போல, “ஏழு வயசுல ஒரு எலுமிச்சம்பழத்த உருட்டிவிட்டு ஒருத்தங்கள நடக்க முடியாம பண்ணினவன் நான்” என்றாய். அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பின் சீட்டில், மூன்று அடி தூரத்தில், வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போல உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பழத்தை நீ உருட்டவில்லை. மாடி வீட்டு மாசிமா வழுக்கி விழவில்லை. நான்தான் அவர் மேல் காரை ஏற்றினேன்.

நிறுத்தி, இன்னொரு தடவை படித்துக்கொள். இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அப்போது நான் கிடர்பூரில் துறைமுக ஆபீசில் வேலை பார்த்தேன். நம் வீட்டுக்கு முதல் கார், பழைய வெள்ளைக் கார், வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. முற்றத்தில் மூக்கைச் சுவர்ப் பக்கம் வைத்து நின்றிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். ஒன்பதரைக்கே எடுத்திருக்க வேண்டியதை, கற்பூரம் எங்கே, பூமாலை எங்கே என்று நான் கத்திக் கத்தியே நேரத்தைத் தின்றேன். உன் அம்மா ஐந்து பழம் வாங்கி வைத்திருந்தாள், நான்கு சக்கரத்துக்கு, ஒன்று உபரி. அந்த உபரியைத்தான் நீ எடுத்து விளையாடினாய். அவள் அதட்டியதும் டிராயர் பையில் போட்டுக்கொண்டு, காரின் பின்பக்கம் தெரியாத ஓரமாகப் போய் நின்றாய். அவ்வளவுதான் அன்று நீ செய்த குற்றம்.

மாடியில் குடியிருந்த மாசிமாவை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் மலரில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், மாசிமா என்றால் வங்காளத்தில் சித்தி, பெரியம்மா முறை. அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. டெலிபோன் ஆபீசில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தினமும் விடிந்ததும் மைதானம் வரை நடந்து போய்த் திரும்பி வருகிறவர். எங்கள் வீட்டில் கார் வாங்கிவிட்டார்கள் என்று எங்களைவிட அவருக்குச் சந்தோஷம். அவர்கள் வழக்கப்படி சங்கு ஊதி வாழ்த்த, சிவப்புக் கரைப் புடவை கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். முன்பக்கம் உன் அம்மா தட்டோடு நின்றதால், அவர் பின்பக்கம், கேட் தூணுக்கு முன்னால் போய் நின்றார். அவர் அங்கே போய் நின்றதை நான் பார்த்தேன்.

ஆம், பார்த்தேன். தெரியாமல் நடந்தது என்று சொல்லும் வசதிகூட எனக்கு இல்லை. வண்டியைக் கிளப்பினேன். வலது முன்சக்கரத்துப் பழம் நழுவி ஓடியது. நான்கும் நசுங்காவிட்டால் சகுனம் சரியில்லை என்று உன் அம்மா அதைத் திரும்ப எடுத்து வைத்தாள். மணி பத்து இருபத்தேழு. “ஏங்க, இன்னும் மூணு நிமிஷந்தான் இருக்கு, எடுங்க, எடுங்க” என்றாள். நான் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, அந்தப் பாழாய்ப்போன பழம் நசுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே பின்னால் விட்டேன். பின்னால் சங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. மாசிமா அங்கேதான் இருக்கிறார் என்று காதுக்குத் தெரிந்தது. நகர்ந்துகொள்வார் என்று நினைத்தேன். மூச்சைக் கட்டிச் சங்கு ஊதுகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பழம் நசுங்கியது. சங்குச் சத்தம் பாதியில் நின்றது. மனிதன் நடக்கிற வேகம்கூட இல்லை, டிக்கிக்கும் தூணுக்கும் நடுவில் அவர் இடுப்பு நொறுங்கிப்போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த மாசிமா வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன். “வழுக்கி விழுந்துட்டாங்க. என் பையன் எலுமிச்சம்பழத்த உருட்டி விட்டிருந்தான்.” யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் நாக்கு என் பெயரை விட்டுவிட்டு உன் பெயரைத் தேடி எடுத்தது பார், அதுதான் நான். கேஸ் வந்தால் வேலை போகும், ஏழு வயசுப் பையனை யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று உள்ளே ஒரு குமாஸ்தா கணக்குப் பார்த்திருக்கிறான். மாசிமா என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அன்று சாயங்காலம் துவைக்கப் போட்ட உன் டிராயரிலிருந்து அந்த ஐந்தாவது பழம் முழுசாக வெளியே வந்தது. அதைப் பையில் போட்டதே உனக்கு மறந்துபோய், நீ விளையாடி உருட்டியதில்தான் மாசிமா வழுக்கினார் என்று நான் சொன்னதை நம்பியிருந்தாய். உன் அம்மா அதை எடுத்துவந்து என் முன்னால் தரையில் வைத்தாள். வெளியே மூச்சு விட்டால் குடும்பமே தெருவில் நிற்கும் என்று அவள் வாயை அடைத்தவன் நான்தான், ஆகவே அவளிடம் போய்ச் சண்டை போடாதே. மறுநாள் என் டிபன் பாக்சில் எலுமிச்சம்பழ சாதம் இருந்தது. அந்தப் பழத்தில்தான் பிசைந்திருந்தாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அவள் என்னைத் தண்டித்தது அது ஒன்றுதான்.

மாசிமா பதினோரு வருஷம் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். நீ பதினோரு வருஷம் மாடிப்படி ஏறினாய். பள்ளிக்கூடம் விட்டதும் மற்ற பிள்ளைகள் தெருவில் பந்து விளையாட, நீ அவருக்குத் தோசை கொண்டுபோனாய், பேப்பர் படித்துக் காட்டினாய், தலை வாரிவிட்டாய். பூஜை நாளில் நாற்காலியோடு தூக்கி இறக்கிப் பந்தலுக்குக் கூட்டிப்போனாய். ஊரெல்லாம் உன்னைப் புகழ்ந்தது, ‘என்ன பாசம்!’ என்று. நானும் பக்கத்தில் நின்று பெருமையாகச் சிரித்தேன். சங்கத்தில் உனக்கு ‘எலுமிச்சை’ என்று பெயர் வைத்துக் கூப்பிட்டார்களே, “அதோ எலுமிச்சை வர்றான், எல்லாரும் பாத்து நடங்கப்பா” என்று, அப்போது நீ தலையைக் குனிந்துகொள்வாய். நான் அதற்கும் சிரித்திருக்கிறேன். திருச்சியில் காலேஜ் சீட் கிடைத்தபோது, மாசிமாவுக்கு யார் சோறு கொண்டுபோவார்கள் என்று நீ அதை வேண்டாமென்றாய். போடா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ போய்விட்டால் நான் அந்த அறைக்குள் தினமும் போக வேண்டியிருக்குமே!

அந்த அறைக்கு எப்போதாவது நான் போனால் அவர் ஒரே ஒரு வார்த்தை கேட்பார். “போலேச்சோ?” சொல்லிவிட்டாயா என்று அர்த்தம். நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று. “உன் பிள்ள முன்னால உன்ன நான் எறக்க மாட்டேன். நீயா எறங்கு. ஆனா அவன் மீசை முளைக்கறதுக்குள்ள எறங்கிடு” என்று ஒரு தடவை சொன்னார். உன்னிடமும் அவர் நூறு தடவை சொல்லியிருப்பார், உன் தப்பு இல்லையடா என்று. அது அவருடைய பெருந்தன்மை என்று நீ நினைத்துக்கொண்டாய். உண்மையைச் சொன்னவரை நல்லவர் என்று மட்டும் எடுத்துக்கொண்டு, பொய் சொன்ன அப்பனை நம்பினாய். சுடுகாட்டில் அவர் காலைத் தொட்டு, “மன்னிச்சிடுங்க மாசிமா” என்று நீ அழுதபோது உனக்கு மீசை முளைத்திருந்தது. நான் உன் தோளில் கை வைத்திருந்தேன். அந்தக் கையை வெட்டிப் போட்டிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நான் நம் வட்டாரத்திலேயே ஜாக்கிரதையான டிரைவர் என்று பெயர் எடுத்தவன். அதற்குப் பிறகு ஒரு கீறல் கிடையாது. பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் என் காரைத்தான் கேட்பார்கள். ஒருத்தரை முடமாக்கிக் கற்றுக்கொண்ட வித்தை அது, உனக்கு இலவசமாகத் தருகிறேன், வாங்கிக்கொள். கிடர்பூரில் ஒரு டிரெய்லர் டிரைவர் சொன்னார், “சாப், என் கண்ணாடியில என் மூஞ்சி உங்களுக்குத் தெரியலன்னா, உங்க மூஞ்சியும் எனக்குத் தெரியாது. அப்புறம் நான் ஏத்திட்டேன்னு அழக்கூடாது” என்று. ஆகவே பெரிய வண்டிக்குப் பக்கத்தில் போனால் முதலில் அவன் முகத்தைத் தேடு, தெரியவில்லையா, பின்வாங்கு. முன்னால் நிற்கும் பஸ்ஸின் பின்சக்கரம் தரையைத் தொடுவது தெரிகிற தூரத்தில் நிறுத்து. நின்ற பஸ்ஸின் முன்னாலிருந்து எப்போதும் ஒரு ஆள் ஓடிவருவான், வராவிட்டாலும் வருவான் என்று வைத்துக்கொள். இறங்கும்போது உன் பக்கத்துக் கதவை இடது கையால் திற. உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிள்காரன் கண்ணில் படுவான். போன் டிக்கியில் கிடக்கட்டும். எவனாவது முந்திப் போக வந்தால் விடு, அவன் தாத்தா சொத்தா உன் தாத்தா சொத்தா ரோடு?

இதெல்லாம் மறந்தாலும் ஒன்றை மறக்காதே. வண்டியை எடுப்பதற்கு முன் இறங்கி ஒரு தடவை சுற்றி வா. நான் சுற்றுவதைப் பார்த்து, “என்னப்பா, காருக்குக் கற்பூரம் காட்டலையா?” என்று நீ கேலி செய்வாய். பிள்ளையாரை மூன்று தடவை சுற்றுகிறாயே, அவர் கல்லாக உட்கார்ந்திருக்கிறார், சுற்றாவிட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அன்று நான் பழத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், நேரத்தைப் பார்த்தேன், மனுஷியைப் பார்க்கவில்லை. பதறாத காரியம் சிதறாது என்று உன் பள்ளிக்கூட நோட்டில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். எழுதிய கைதான் ராகுகாலத்துக்குப் பயந்து ரிவர்ஸ் கியர் போட்டது.

இப்போது புரிகிறதா, அந்தப் பாடத்துக்கு வாத்தியார் நான்தான் என்று ஏன் சொன்னேன் என்று? நம் வீட்டில் ஒரு பெண்பிள்ளை நொறுங்கினார், அதற்குக் காரணம் கீழே கிடந்த பழம் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். ஓட்டியவனுக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. அப்படி வளர்ந்தவன் வேறு எப்படி ஓட்டுவான்? கீழே விழுகிறவர்கள் தாங்களாக விழுகிறார்கள், பின்னால் நிற்பவர்கள் தப்பான இடத்தில் நிற்கிறார்கள், என்று ஹாரனை அடித்துக்கொண்டு போவான். உன் ஓட்டத்தில் இருக்கும் திமிர் என் பொய்யின் திமிர்தான். உன்னைக் கெடுத்தவன் நான். ஆனால் முப்பத்தொரு வயசுக்காரன் நாளைக்கு ஒருவரை இடித்துவிட்டு, அப்பா இப்படி வளர்த்தார் என்று போலீசில் சொல்ல முடியாது. இதைப் படித்த நிமிஷத்திலிருந்து உன் ஓட்டம் உன் தலையில்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் அப்படி. மாசிமா வளர்த்த பிள்ளை. அது எனக்கு மிக மலிவாகப் போய்விடும். இந்த வீட்டில் இனி என்னோடு ஒரு பந்தியில் உட்கார மாட்டேன் என்றாலும் சரி, கல்யாண மேடையில் நான் நிற்கக்கூடாது என்றாலும் சரி. பர்ணாவிடம் மட்டும் நாளைக்கே சொல்லிவிடு, நீ யாரையும் முடமாக்கவில்லை என்று. அவளைப் பொய்யோடு குடித்தனத்துக்குக் கூட்டிவராதே.

வெள்ளிக்கிழமை உன் கார் அதே முற்றத்தில், அதே மாதிரி மூக்கைச் சுவர்ப் பக்கம் வைத்து நிற்கும். பர்ணாவின் அம்மா சங்கோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். எலுமிச்சம்பழம் நானே வாங்கி வருகிறேன், ஐந்து. நான்கைச் சக்கரத்துக்கு வை. ஐந்தாவதை உன் சட்டைப் பையில் போட்டுக்கொள், அது உன்னுடையது. ராகுகாலம் வரப்போகிறது, எடு எடு என்று யாராவது கட்டாயம் கத்துவார்கள். அப்போது நான் கேட் தூணுக்கு முன்னால், உன் கேமராவுக்கு எட்டாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். எனக்குச் சங்கு ஊதத் தெரியாது, ஆகையால் சத்தம் எதுவும் வராது. இறங்கி, சுற்றி வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் வண்டியை எடு. நகர்ந்துகொள்வார் என்று மட்டும் நினைத்துவிடாதே.

அன்று காரை எடுத்தவன்,
உன் அப்பா